குத்துவிளக்கில் வெட்டிய பெயர்

செஞ்சி,
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸ்ரீநிதிக்கு நைனா எழுதுவது. புனேயில் உன் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், இராத்திரியானால் படுக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் அது பொய், பொய் இப்போது நமக்குக் கட்டுப்படியாகாது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், அவள் இருக்கும்போது இதைச் சொல்ல என்னால் ஆகாது. இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

நான் ஐ.பி. என்கிற திவால் மனு போட்டிருப்பது உனக்குத் தெரியும். மஞ்சள் கடுதாசி கொடுத்தான் என்று கடைத்தெருவில் சொல்வார்களே, அந்த வரிசையில் உன் நைனாவும் சேர்ந்தாயிற்று. ஊர் முழுக்கச் சீர் என்றால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று மாறிய பிறகும், பாத்திரக் கடைக்கு மாடி எடுத்து ஏசி போட்டேன் பார், அந்தக் கடன்தான் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மனு போட்டால் மறுநாளே கடனெல்லாம் அழிந்துவிடும் என்று நானும் மற்றவர்கள் மாதிரி நினைத்தேன். அப்படி இல்லையம்மா. யார் யாருக்குத் தர வேண்டுமோ அத்தனை பேரையும் எழுதித் தர வேண்டும், பால்காரர் உட்பட. அத்தனை பேருக்கும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும், பேப்பரிலும் பெயர் வரும். கோர்ட் ஒரு ரிசீவரைப் போடும், அவர் வந்து கடையையும் வீட்டையும் பார்த்து, விற்கக்கூடியதை எழுதிக்கொண்டு போவார், விற்று எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பார். எதையும் மறைக்காமல் நடந்துகொண்டான் என்று ஜட்ஜுக்குத் திருப்தி வந்தால்தான் கடைசியில் கடனிலிருந்து விடுவித்து உத்தரவு போடுவார். அதுவரை பாதி மனிதன்தான். பஜாரில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள், அது நின்ற பிறகு வரும் அமைதி இருக்கிறதே, திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது.

விழுப்புரம் வக்கீல் ஜெயராமன் நல்ல மனிதர், எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார். உடுத்தும் துணி, படுக்கை, சமைக்கிற பாத்திரம், கையால் தொழில் செய்யும் கருவி, இவற்றைத் தொட மாட்டார்கள், பெண்ணுக்கென்று சேர்ந்த பொருள் இருந்தால் அதுவும் உங்களுடையது ஆகாது என்றார். பத்து விஷயம் சொன்னவரிடமிருந்து உன் அம்மா இந்தக் கடைசி ஒன்றை மட்டும் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். நான் கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில், கடையில் உயர்ந்த சரக்காகப் பார்த்து எடுத்து, வெண்கலப் பானை, பெரிய அண்டா, இடுப்பளவு குத்துவிளக்கு ஜோடி என்று வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயர் வெட்டும் மெஷினை வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் உன் பெயரை வெட்டிவிட்டாள். பெயரோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நம் கடையில் விசேஷத்தையும் தேதியையும் சேர்த்து வெட்டித்தானே பழக்கம், கை தானாகப் போயிருக்கிறது. உன் மஞ்சள் நீராட்டு விழா, அந்த வருஷம், தாய்மாமன் சீர் என்று அழகாக வெட்டி வைத்திருக்கிறாள்.

ரிசீவர் வந்த அன்றைக்குக் கடன் கொடுத்தவர்களில் இரண்டு மூன்று பேரும் கூட வந்திருந்தார்கள். அதில் பச்சமுத்துவும் ஒருவர், நமக்கு வெண்கலமும் பித்தளையும் அனுப்புகிற மொத்த வியாபாரி, உனக்குக்கூட ஒரு தடவை மயில் வைத்த சந்தனக் கிண்ணம் கொடுத்தாரே, அவர்தான். கூடத்தில் நின்ற விளக்கைத் தடவிப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார், எழுத்தைப் படித்தார். சத்தம் போடவில்லை. ‘இன்னா சம்பந்தம், போன தீபாவளிக்கு நான் லாரியில ஏத்தி உட்ட வெளக்கு இது. உன் பொண்ணு சடங்கப்ப இந்த மாடலே வரலயே’ என்றார். அவருக்கு அந்த விளக்குக்கு இன்னும் ஒரு பைசா நான் கொடுக்கவில்லை. ரிசீவர் என்னைப் பார்த்தார், நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். ஏன்டி செய்தாய் என்று கேட்டதற்கு, ‘பொண்ணு பேரு இருந்தா எவனும் தொட மாட்டான்னுதாங்க செஞ்சேன், நாளைக்கு அவள எத குடுத்து அனுப்புறது, வெறுங்கையோடயா’ என்றாள். அதற்கப்புறம் கோபம் எங்கே நிற்கும், சொல்லு.

நான்தான் வெட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன் என்று வக்கீலிடம் போனேன். அவர் எழுந்து போய், மேஜைமேல் இருந்த தன் டிபன் கேரியரை எடுத்து வந்து மூடியைத் திருப்பிக் காட்டினார். நம் கடையில் வாங்கியது, அம்மா வெட்டியது, உன் பெயரில் இருக்கிற அதே சுழித்த ‘ஸ்ரீ’. சிங்கவரத்திலிருந்து மேல்மலையனூர் வரைக்கும் எத்தனை வீட்டுச் செம்பிலும் டம்ளரிலும் அவள் எழுத்து இருக்கிறது, அவளுக்காக ஒரு பொய் சொல்ல எனக்கு இடமே இல்லையம்மா.

இனி உன்னிடம் வருகிறேன். கார்த்திகைக்குப் பிறகு உன்னை நேரில் வரச் சொல்லிக் கோர்ட்டிலிருந்து ஒரு கவர் வரும், பயந்துவிடாதே, யாரும் உன்னைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். அந்தப் பாத்திரங்கள் உன்னுடையவையா என்று உன்னையே கேட்பார்கள். அம்மா உனக்குப் போன் செய்து ஆமாம் என்று சொல்லச் சொல்வாள், அநேகமாக இதற்குள் சொல்லியிருப்பாள். நீ இல்லை என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் சத்தியம் செய்து நீயும் பொய் சொன்னதாகும், பச்சமுத்து விடமாட்டார், எனக்குக் கடனிலிருந்து விடுதலை கிடைக்காது, மறைத்ததற்குத் தனியாகக் கேஸும் வரலாம் என்கிறார் வக்கீல். இல்லை என்று சொன்னால், பயத்தில் செய்துவிட்டார்கள், பொருள் திரும்ப வந்துவிட்டது என்று ஜட்ஜிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்கிறார். கெஞ்சத்தான் முடியும், கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. உனக்குப் பார்த்த திண்டிவனத்து மாப்பிள்ளை வீட்டாரும் பேப்பரைப் பார்த்ததிலிருந்து பேசவில்லை, அதையும் உனக்கு மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். உனக்குச் சீர் என்று ஒரு கரண்டிகூட என்னால் தர முடியாது. அது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை.

பெயர் வெட்டும் மெஷினை மட்டும் தொழில் கருவி என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா அதன்மேல் பழைய புடவையைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் போவதே இல்லை. மற்றபடி இங்கே நல்ல மழை. நீ வேளைக்குச் சாப்பிடு, பணம் எதுவும் அனுப்பாதே, வந்தால் அதற்கும் கணக்குக் கேட்பார்கள். யாரிடமும் கைமாற்று வாங்காதே. வரும்போது ஆதார் கார்டை மறக்காமல் எடுத்து வா, பகல் பஸ்ஸில் வா.

அங்காளம்மன் உன்னைக் கூட இருந்து காக்கட்டும், எங்கள் கஷ்டம் உன் தலையில் இறங்காமல் நீ நன்றாக இரு கண்ணு. இன்னும் ஒன்றே ஒன்று. நீ கோர்ட்டுக்கு வரும் அன்றைக்கு அம்மாவும் வருவேன் என்கிறாள், தடுக்க எனக்கு மனசு இல்லை, சுவர் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இல்லை என்று சொல்லும்போது ஜட்ஜைப் பார்த்துச் சொல்லு. அந்தப் பெஞ்சுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்காதே.

உன் நைனா,
சம்பந்தம்