மழை வராத ஆரஞ்சு நாள்

மே 26

கனமழை வருமென்று வானிலை ஆபீஸின் ஆரஞ்சு அலர்ட். பொன்முடி மலைக்குப் போகும் ரோட்டை அடைத்துவிட்டார்கள். வண்டிகள் கல்லாறு வரை வந்து திரும்பிப் போகின்றன. பழம்பொரிக்குக் கரைத்த மாவு எங்கள் சாயாக்கடையில் புளித்துக்கொண்டிருக்கிறது. வானமோ துடைத்துவிட்ட மாதிரி நீலம்.

ஷைஜு ரோட்டில் நின்று கத்தினான்: "எங்கலே மழை? காலாவஸ்தைக்காரன் ஏசி ரூம்ல இருந்துகிட்டு நம்ம சோத்தில மண்ணு வாரிப் போடுதான்!" நேரில் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வேன். இங்கே அவன்தான். கட்டிய புருஷன் என்று இந்தப் பேனாவுக்குத் தெரியவா போகிறது?

ஒரு சொட்டு விழவில்லை. சாயங்காலம் கரண்டிக் காம்பால் என் முதுகில் அடித்தான். அவன் கத்தியபோது நான் சிரித்தேனாம்.

மே 29

யெல்லோ மட்டும்தான். ரோடு திறந்திருந்தது. மழை கொட்டியது. அடி இல்லை.

ஜூன் 12

போன் அலறியது. ஆரஞ்சு. சாயா போடும் முன்பே மகள் ஆர்ஷாவைப் பக்கத்துத் தையல்கடை ஷெமியின் வீட்டில் விட்டேன். "மழையொண்ணும் வராது பிஜி, எல்லாம் சும்மா" என்றாள் ஷெமி. மழை யாருக்கு வேண்டும்! ஊரே அறிவிப்பைப் பொய் என்கிறது. என் வீட்டில் அது இதுவரை பொய்த்ததில்லை. ஆரஞ்சு என்றால் கடை சாத்து, கடை சாத்தினால் குடி, குடித்தால் நான். மழை வராத ஆரஞ்சு நாளில் அடி கூடுதல், ஏமாந்த கோபமும் சேர்ந்துகொள்ளும்.

இன்று இடது காது. இன்னும் உள்ளே இரைகிறது.

கழக்கூட்டம் டவுனில் டாக்சி ஓட்டும் என் அண்ணன் ஆன்சனுக்குப் போன் செய்தேன். "மழக்காலம் கழியட்டு பிஜி. கடையில கச்சவடம் இல்லாத கோவம் அது. வெயிலடிச்சா அவன் தங்கம்லா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

ஜூலை 3

கழுத்து வலிக்கிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

அலர்ட் நாள். எங்களுக்கு நல்ல வெயில். கடையை ஒட்டிய ஆற்றில் இறங்கக் கூடாது என்று கட்டியிருந்த கயிற்றை ஷைஜு வெட்டுக்கத்தியால் அறுத்தான். காரில் வந்த பையன்களிடம், "இறங்கிக் குளிங்க, வானத்தப் பாருங்க, ஒண்ணும் வராது" என்றான். குளித்து ஏறினால் சாயா குடிப்பார்கள் இல்லையா. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மழை மலைமேல பெய்யும். நம்ம கடைக்கு மேல உள்ள வானத்தப் பாத்து என்ன பிரயோஜனம்?" என்றேன். முறைத்தான்.

தண்ணீர் முதலில் கலங்கியது. பிறகு ஒரு இரைச்சல். மரத்தடிகளோடு ஆறு பாய்ந்து வந்தது, அப்போதும் வெயில்தான். ஒருவனைப் பாறையில் போட்டு அடித்து இழுத்தது. ஆற்றங்கரைக் காவலர் ஓடிவந்து குதித்துத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். மண்டை உடைந்திருந்தது, உயிர் இருந்தது. காவலர் ஷைஜுவின் சட்டையைப் பிடித்தார். இவன் அவர் வாயில் குத்தினான். அந்தப் பையன்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இவனை ரோட்டில் போட்டு மிதித்தார்கள்.

ரத்த வாயோடு வீட்டுக்கு வந்தான். "ஒனக்க கருநாக்கு! நீ சொன்னது நடந்திட்டுல்லா? சந்தோஷமா?" கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான். கண் இருட்டிவிட்டது.

அறிவிப்பு பொய்த்தாலும் அடி, பலித்தாலும் அடி. சரி, எப்படியும் அலர்ட் நாள்தானே. மழைக்காலம் கழியட்டும்.

செப்டம்பர் 7

ஓண விடுமுறை. அலர்ட் இல்லை. பளீர் வெயில். வண்டி வண்டியாக ஆட்கள், பழம்பொரி போட்டுப் போட்டு என் கை ஓய்ந்துவிட்டது. ஷைஜு பாட்டுப் பாடிக்கொண்டே சாயா ஆற்றினான். குடிக்கவும் இல்லை. அதனால்தான் ஆர்ஷாவை ஷெமி வீட்டுக்கு அனுப்பவில்லை. நல்ல நாள்தானே என்று.

குழம்பில் உப்புக் கூடிப்போச்சாம். தட்டு என் முகத்தில் வந்து விழுந்தது. பிறகு வயிற்றில் சவுட்டு, மிதி. எம்பிள்ள குறுக்க வந்து விழுந்தா. அவளத் தூக்கிச் சுவத்துல அடிச்சான். பாவி! நெத்தி பொளந்து ரத்தம் — நான்தானே வச்சேன் அவள வீட்ல? எத நம்பி வச்சேன்?

கடைக்கு மேலே வானத்தைப் பார்த்து மலைமேல் மழையைத் தீர்மானிக்கிறான் என்று அவனைக் குறை சொன்னேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? அலர்ட்டைப் பார்த்து அவனைத் தீர்மானித்தேன். மழைக்கு அடி, மழை வராததற்கு அடி, வெயிலுக்கும் அடி. அப்படியென்றால் மழைக்கு இதில் என்ன வேலை? ஒன்றுமில்லை. அவனுக்குத் தோன்றினால் அடி.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "இங்க நல்ல வெயில்ணா" என்றேன்.

செப்டம்பர் 8

நெடுமங்காடு ஆஸ்பத்திரி. ஆர்ஷாவுக்குத் தையல் போட்டார்கள். எப்படி விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார். "விழல டாக்டர். அப்பன் சுவத்துல அடிச்சான்." வெளியில் ஒருவரிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. ஷெமியும் கூட வந்தாள், அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.

அக்டோபர் 22

கழக்கூட்டம். லேடீஸ் ஹாஸ்டல் சமையலறையில் வேலை, மாடியில் எனக்கும் ஆர்ஷாவுக்கும் ஒரு அறை. இன்று ரெட் அலர்ட், பள்ளிக்கூடம் லீவு. போன் அலறியதும் ஆர்ஷா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"யாரு வீட்டுக்கும்மா போணும்?"

"எங்கயும் போண்டாம் மக்ளே. மழை மட்டுந்தான் வரும்."

அவள் செருப்பைக் கழற்ற வெகுநேரம் ஆனது. மத்தியானம் பெய்தது.