எஜமானியின் நரித்தோல் கோட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, செசெக் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? பைக்கால் ஏரி உறைந்துவிட்டதா? நான் நலம். மாஸ்கோவில் வேடிக்கையாக ஒன்று நடந்தது.

விருந்தாளிகள் முன்னால், "இவ பக்கத்துல வந்தாலே ஆட்டு வாடை" என்று என்னைக் காட்டிச் சிரித்தவள் எஜமானி ரிம்மா. போன வாரம் தன் பழைய நரித்தோல் கோட்டின் பூஞ்சை நாற்றத்தைப் போக்கச் சொன்னாள். நாற்றம் உள்துணியில் இருந்தது. அதைப் பிரித்து மாற்றி, பல நாள் காற்றாட விட்டிருக்க வேண்டும். நான் வெறுமனே பனியில் தொங்கவிட்டேன். உறைந்துவிட்டால் எதுவும் நாறாது. அவள் வெளியே கிளம்பும்போதுதான் எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "பரவாயில்லையே!" என்றாள்.

அவள் மகளின் நிச்சயதார்த்த விருந்துக்குப் பரிசுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கணப்பு எரியும் கூடத்தில், பெருமைக்காகக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சம்பந்தியம்மாள், "என்னங்க இது, ஈரச் சாக்கு மாதிரி நாறுது!" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். ரிம்மா வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து அவள் காதில் மெல்லச் சொன்னேன்:

"ஆடு இல்லம்மா, நரி."

வேலை போயிற்று. கவலைப்படாதே, வேறு வீடு கிடைத்துவிட்டது. அங்கே குளிர் கொஞ்சம் அதிகம். நீ போர்த்துகிற கம்பளிச் சால்வையை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு, அம்மா. தபால் நிலையத்தை மூடுகிறார்கள்.

உன் மகள்,
செசெக்