கேட்கக் கூடாத பரிசோதனை

என் அன்பு ஸ்டெல்லா அக்கா,

உங்கள் கொட்டாஞ்சேனைத் தையற்கடையில் எல்லோரும் சுகம். பாடசாலைச் சீருடை வேலை கழுத்தை நெரிக்கிறது. உங்கள் மெஷினில் இப்போது நான்தான் இருக்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் மகள் ஷெரின் வெள்ளவத்தையிலிருந்து தினமும் வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் உங்களிடம்தான் முதலில் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "விசரி, உன்ர கைக்கு ஒண்டும் வரேல்லையே? இருந்து தை" என்றீர்கள். அந்தச் சொல்லுக்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஆனால் நல்ல மனசோடு ஒரு கூத்தும் ஆடினீர்களே! புதன்கிழமை மாதா கோயில் நவநாள் செபத்தில் மன்றாட்டுச் சீட்டு எழுதிப் போட்டீர்கள். "எங்கள் கடை ஜெசிந்தாவின் இரத்த வருத்தம் மாற" என்று கோயிலில் மைக்கில் வாசித்தார்கள். மறுநாள் கடையில் ஒவ்வொருத்தியும் என்ன வருத்தமென்று கேட்டாள். இரத்தம் குறைவு என்று சமாளித்துவிட்டு, உங்களைப் பிடித்துக் கத்தினேன்.

"மாதாவிட்டச் சொல்லுறதெண்டா மனசுக்குள்ள சொல்லுங்கோ. மைக் என்னத்துக்கு?"

நீங்கள் அழுதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் என்னோடு வந்து, வேலை கொடுப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்த அலுவலரிடம் கேட்டீர்கள். அவர் பொறுமையாகச் சொன்னார். வேலைக்கென்று இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது. நோய் இருப்பதற்காக நிறுத்தக் கூடாது. தெரிந்துகொண்டதை வேலை செய்கிறவளுடைய சம்மதமில்லாமல் வெளியே விடவும் கூடாது.

"என்ர வீட்டில இருக்கிற ஆக்களுக்கும் சொல்லக் கூடாதோ?" என்றீர்கள்.

"ஓம், அவைக்கும்தான்."

அதற்குப் பிறகும் நான் உங்களை முழுக்க நம்பவில்லை, அக்கா. ஷெரினிடமாவது சொல்லியிருப்பீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் அவள் ஒரு புதிய படிவம் கொண்டுவந்தாள். எல்லோரும் இரத்தம் சோதித்து எச்.ஐ.வி. முடிவைக் கொடுக்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"என்னை வேலையால கலைக்கிறதெண்டா நேரா சொல்லும். என்ர விசயம் உமக்குத் தெரியும்தானே?"

"என்ன விசயம், அன்ரி?"

முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. நீங்கள் கண்மூடும்வரை ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று மாதமும் கட்டிலைவிட்டு நகராத பிள்ளை அவள். அவளுக்கும் சொல்லவில்லையா, அக்கா?

நானே சொன்னேன். கிளினிக்கில் கேட்டவற்றையும் சொன்னேன். "அம்மா எனக்கு மூச்சே விடேல்லையே" என்றாள். பிறகு பேனையை எடுத்து, படிவத்தில் அந்த வரியை வெட்டினாள்.

உங்களைச் சந்தேகித்ததற்கு மன்னியுங்கள். இதை என் பெயர் போட்டே எழுதுகிறேன். என் நோயை நானே வெளியே சொல்லலாம்தானே. உங்களுக்கு ஒரு வாக்கும் தருகிறேன்: நான் இருக்கும்வரை, இந்தக் கடைக்கு வேலை தேடி வருகிறவளிடம் தைக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்போம்.

உங்களோடு கத்தவும் உரிமை இருந்த தங்கச்சி,
ஜெசிந்தா