குழாயைத் திறக்கச் சொன்னேன்

என் அன்பு மகளுக்கு,

இங்கே நான், அப்பா, தம்பி மூன்று பேரும் சௌக்கியம். அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி, மாடி ஏறும்போது முனகுகிறது, இறங்கும்போது கத்துகிறது. நீ நலமா என்று கேட்டால் நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய், அதனால் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா, அந்த ஓட்டை விழுந்த ஷூவை மாற்றினாயா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகப் பதில் எழுது. மூன்று வாரத்துக்கு முன்னால் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள் என்று அப்பா சமாளித்திருக்கிறார், ஒருத்தி மூன்று வாரமாகக் குளித்துக்கொண்டே இருக்கமாட்டாள் என்று உனக்கும் தெரியும். கோபம்தான், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஓசியா குடுக்கறதுதானேம்மா, விட்டுடேன், ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கறப்ப ஏன் வம்ப விலைக்கு வாங்கற என்று கேட்டாய் பார், அதில் அந்த முதல் வார்த்தைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என்ன நடந்தது என்று போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கூடாரக் கம்பெனி ஒரு நிவாரண அமைப்போடு கைகோத்ததை உனக்குச் சொன்னேன். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு நாங்கள் அறுநூறு கூடாரம் தருவது, அவர்கள் முகாமில் அடித்துக் கொடுப்பது என்று ஒப்பந்தம். கூடாரத்தில் எங்கள் பெயரும் இருக்கும், அவர்கள் பெயரும் இருக்கும். இதை நான் குறை சொல்லவே இல்லை. இதற்கு முன்னால் மரம் வளர்க்கிற ஓர் அமைப்போடு சேர்ந்ததனால்தான், வெட்டி விழுகிற தார்ப்பாய்த் துண்டுகளைப் பின்பக்கம் போட்டுக் கொளுத்துகிற வழக்கம் நின்றது, இப்போது அதெல்லாம் நாற்றுப் பையாகப் போகிறது, நானும் இருமாமல் வேலை செய்கிறேன். முதலாளிக்குப் பேர் கிடைக்கிறதா, கிடைக்கட்டும், நல்ல காரியத்துக்குக் கிடைக்கிற பேர்தானே. என் வழக்கு வேறு. என் வேலை உனக்குத் தெரியும், ஐம்பது கூடாரத்துக்கு ஒன்றை எடுத்து முற்றத்தில் அடிப்பார்கள், நான் உள்ளே பழுப்புத் தாளை விரித்து உட்காருவேன், மேலே பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் கொட்டும். தாளில் ஒரு சொட்டுக் கறை விழுந்தாலும் ஐம்பதும் திரும்பிப் போகும். விழவில்லை என்றால் வாசல் மடிப்பின் உள்பக்கம் என் எண் போட்ட வட்ட முத்திரையைக் குத்துவேன். இருபது வருஷமாக இப்படி உட்கார்ந்துதான் எனக்கு மழைராணி என்று பேர் வந்தது.

அந்த அறுநூறுக்கும் சோதனை வேண்டாம், நேரமில்லை, சும்மா முத்திரையைக் குத்திவிடுங்கள் என்றார் மேனேஜர். தையல் வழியாகத் தண்ணீர் இறங்காமல் மேலே பட்டை ஒட்டுகிற மிஷினில் சூடு சரியாக ஏறாமல் இருந்த வாரம் அது, மூலைகளில் நகத்தால் கீறினாலே பட்டை உரிந்து வந்தது. அவரிடம் உரித்தே காட்டினேன். விக்கற சரக்கா இது, ஓசியில போறதுதானே என்றார். நீ சொன்ன அதே வார்த்தை. அவர் கெட்டவர் இல்லை, தேதியைப் பார்த்துப் பயந்துபோனவர். முத்திரையை மேஜை மேல வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க, வேற ஆளு குத்தும் என்றார். நான் அதைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ போன் செய்தாய்.

புதன்கிழமை விழா. முற்றத்தில் ஒரு கூடாரத்தை அடித்து, நாடா கட்டி, போட்டோக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். அமைப்பின் தலைவி முகாமிலிருந்து நேராக வந்திருந்தார், காலில் சேறு காயாத ரப்பர் பூட்ஸ். அந்த அம்மாள் நாடாவைப் பார்க்கவே இல்லை, நேரே போய் வாசல் மடிப்பைப் புரட்டினார். முத்திரை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இதைச் சோதிச்சது யாரு என்று கேட்டார். யாரும் சோதிக்கலைங்க, சோதிக்கிறவ நான்தான், பத்து நிமிஷம் போதும், நீங்களும் முதலாளியும் உள்ள வந்து உக்காருங்க என்றேன். இத்தனை காமிரா எதிரில் முதலாளி மறுக்கமுடியுமா, சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே வந்தார், பின்னால் மேனேஜரும் வந்தார். நான் தாளை விரித்தேன், வெளியே இருந்த தோட்டக்காரரிடம் குழாயைத் திறக்கச் சொன்னேன்.

மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. முதலாளி என்னைப் பார்த்து, என்னம்மா மழைராணி, பயமுறுத்திட்டீங்களே என்று கேலி செய்தார். நாலாவது நிமிடம் மூலையில் ஒரு சொட்டு, அடுத்தது அவர் வழுக்கையில், அதற்கடுத்தது மடியில் வைத்திருந்த சொற்பொழிவுத் தாளில். மை கரைந்து எழுத்தெல்லாம் ஓடியது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அந்தத் தலைவி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எங்க முகாம்ல மழை பத்து நிமிஷத்துல நிக்காதுங்க என்றார், அவ்வளவுதான். முதலாளி எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. பத்து நிமிடமும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், அதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வெளியே வந்ததும் எத்தனை நாள் வேணும் என்று என்னிடம் கேட்டார். ஒன்பது நாள் என்றேன். மிஷினைச் சரிசெய்து அறுநூறுக்கும் மூலை ஒட்டினார்கள், பன்னிரண்டு முறை உட்கார்ந்தேன், ஒவ்வொரு முறையும் அமைப்பின் ஆள் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். இனி தானமாகப் போவதற்கும் அதே சோதனை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். மேனேஜர் நாலு நாள் உம்மென்று இருந்தார், ஐந்தாம் நாள் அவரே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார், நானும் சொல்லாமல் குடித்தேன். முதலாளி நனைந்த படம் பேப்பரில் வந்திருக்கிறது, வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். கூடாரமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று அந்த அம்மாள் போன் செய்து, அங்கே இரண்டு நாள் அடைமழை, ஒன்றிலும் ஒழுகவில்லை என்றார்.

வீட்டுச் செய்தி, தம்பிக்கு எலக்ட்ரிக் கடையில் வேலை கிடைத்து தினமும் தலைகால் புரியாமல் கிளம்புகிறான். நம் சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது, ஊருக்கெல்லாம் ஒழுகாமல் பார்க்கிறவள் வீட்டில் இப்படி என்று அப்பாவிடம் சொன்னால் முழங்காலைக் காட்டுகிறார். நீயும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ தாளில் கையெழுத்துப் போடுகிறவள். நீ கண்ணால் பார்க்காத எதிலும் போடாதே, யார் அவசரப்படுத்தினாலும் சரி.

நாம் வெள்ள முகாமில் பதினோரு நாள் இருந்தோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், மீதியைச் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஏழு மாதம். ஒரே கூடாரத்தில் மூன்று குடும்பம். நமக்குக் கிடைத்த மூலையில் தையல் ஒழுகியது, உன்னை நகர்த்திப் போட இடமில்லை. அப்பாவும் நானும் மாறிமாறி உன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றோம், கை மரத்துப்போகும், அசந்தால் உன் நெற்றியில் சொட்டும். நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல் கொதித்தது, பிழைப்பாயா என்றே தெரியவில்லை. அந்தக் கூடாரத்தின் வாசல் மடிப்பிலும் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது கண்ணம்மா. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பல வருஷம் கழித்து இந்த வேலையில் சேர்ந்த அன்று அதே மாதிரி ஒன்றை என் கையில் கொடுத்து, உள்ளே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் குத்தவேண்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அன்றைக்கு அந்த முத்திரையைக் குத்தும் முன்னால் யாரும் உள்ளே உட்காரவே இல்லை.

நீ தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு இருக்கவேண்டும். ஷூவை மாற்று. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, குளித்து முடித்துவிட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா,
முத்திரை எண் பதினேழு