எதிர்க் கம்பத்தில் எழுதிய எண்

19 ஒக்டோபர் 2025, ஞாயிறு, காலை 9.10. டன்ரோஸ் கவுண்டியின் சனத்தொகை 31,240. அதில் தெற்காசியர் 35.

அன்புள்ள தனுஷிகா,

நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் நேற்றுப் பின்னேரம் இரவு வேலைக்குப் போகமுதல் நீ அனுப்பிய செய்தி சொல்கிறது, அது அப்படியே இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். காலையில் மூன்று தரம் போன் அடித்தேன், முதலில் நீ நோயாளிகளோடு நின்றிருப்பாய், பிறகு வீட்டுக்குப் போய் வழமைபோலப் போனை நிற்பாட்டிவிட்டுப் படுத்துவிட்டாய். எடுத்திருந்தாலும் இரண்டாவது நிமிடத்தில் 'அப்பா, திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்கோ' என்றிருப்பாய், நான் குரலை உயர்த்தியிருப்பேன். ஆகவே ஈமெயில். பின்னேரம் மூன்று மணிக்கு எழும்பியதும் பல் தீட்டமுதல் இதை முழுவதும் வாசி. தமிழில் எழுதக் காரணம், வேறு யாரும் உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாலும் விளங்கக்கூடாது. பத்து வருடம் சனிக்கிழமைகளில் அஜின்கோர்ட் தமிழ் வகுப்புக்கு உன்னை ஏற்றி இறக்கினேன், இன்றைக்காவது அது உதவட்டும்.

வீட்டுப் புதினம் பெரிதாக இல்லை. அம்மாவின் தோள் நோ குறைந்திருக்கிறது, ஆனால் மார்க்கம் வீட்டுப் படிகளில் கூடை தூக்குவதை விடமாட்டேன் என்கிறா. உன் தம்பி மரியோ கணக்குச் சோதனையில் ஐம்பத்திரண்டு எடுத்துவிட்டு வகுப்பின் சராசரியும் அதுதான் என்று சாதிக்கிறான், சராசரி எழுபது என்று எனக்குத் தெரியும், இன்னும் சொல்லவில்லை. போன ஞாயிறு பூசை முடிய உன் பழைய சிநேகிதி ஒருத்தி என்னிடம் வந்து தனுஷிகாவின் அண்ணா தானே என்று கேட்டாள். இருபது வயதில் தகப்பனானால் இதுதான் கதி. அம்மா இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தா. சரி, புதினம் முடிந்தது.

இனி விசயம். உனக்கு டன்ரோஸில் அந்த முதியோர் இல்லத்தில் நேர்ஸ் வேலை கிடைத்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்றல்ல, 'அங்க எங்கட ஆக்கள் எத்தினை பேர்' என்பதுதான். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் யாரிடம் ஊர்ப் பெயர் சொன்னாலும் இதைத்தான் கேட்பார்கள், நானும் கேட்பேன். அவவுக்குப் பதில் சொல்லத்தான் குடிசனக் கணக்கெடுப்பு அட்டவணையைத் திறந்தேன். நூறுக்குத் தொண்ணூற்றேழு பேர் வெள்ளையர். பிறகு பழங்குடி மக்கள். பிறகு பிலிப்பைன்ஸ்காரர் கொஞ்சப் பேர், அவர்களும் உன்னைப்போல முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களாக இருக்கவேண்டும். பிறகு தெற்காசியர் 35. அதற்கு முந்திய கணக்கெடுப்பில் 60. சிறிய எண்களை அப்படியே போடமாட்டார்கள், ஐந்தின் மடங்காக மாற்றித்தான் போடுவார்கள், ஆட்களை அடையாளம் பிடிக்கக்கூடாது என்பதற்காக. ஆகவே கொஞ்சம் முன்பின் இருக்கலாம். என்றாலும் அறுபது முப்பத்தைந்தாகக் குறைந்தால் யாரோ சாமான் கட்டிப் போயிருக்கிறார்கள். ஏன் போனார்கள் என்று அட்டவணையில் இல்லை. அன்றைக்கே உனக்குச் சொன்னேன், நீ என்னை எக்செல் அப்பா என்றாய்.

செப்டெம்பரில் பால் காய்ச்ச வந்தோமே, அதை ஒருக்கா நினைத்துப் பார். நீ எடுத்தது ஒரு கல்யாணம் கட்டாத பிள்ளையின் வாடகை வீடு, அதுவும் கூட இருக்கிற அபர்ணாவோடு வாடகை பாதிப் பாதி. அதற்கு ஐந்து கார், இருபத்தொரு பேர். அடுப்பில் பால் பொங்க வேண்டும், பாதர் தண்ணீர் தெளிக்க வேண்டும், இரண்டும் வேண்டும் அம்மாவுக்கு. பெரியப்பா புல்லில் காரை ஏற்றி விட்டார். பக்கத்து வீடுகளுக்குப் பாற்சோறு கொண்டுபோய்க் கொடுத்து 'நாங்கள் அடிக்கடி வருவம்' என்று அம்மா வாயாரச் சொன்னா. எல்லாரும் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். அன்பாகச் செய்ததுதான், அதில் பிழை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மத்தியானம் முற்றத்தில் எடுத்த குழுப்படத்தில் உன் வாசலுக்கு எதிரே நிற்கிற மின்கம்பம் வெறுமையாக இருக்கிறது. அடுத்த நாள் நீ மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன என்று அனுப்பிய படத்தில் அதே கம்பத்தில், ஆள் உயரத்தில், வெள்ளைப் பெயின்றில் 21.

நான் கேட்டபோது, அது ஹைட்ரோக்காரர் எழுதியது என்றாய். பதினாறு வருடம் ஹைட்ரோ மின்சாரக் கம்பனியில் வேலை செய்கிற ஆளிடம் சொன்னாய். கம்ப எண்ணை நாங்கள் பெயின்றால் எழுதுவதில்லை, அலுமினியத் தகட்டில் அடித்து ஆணி அறைவோம். உன் கம்பத்திலும் தகடு இருக்கிறது, படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன், அதில் ஏழு இலக்கம். இரண்டு கிழமை கழித்து முதல் உறைபனி என்று ஒரு படம் அனுப்பினாய். 21க்கு மேலே கறுப்புப் பூசி, பக்கத்தில் 2.

அதன் பிறகுதான் நான் ஜவ்ஃபர் நானாவைத் தேடிப் பிடித்தேன், உனக்குச் சொல்லவில்லை, பிள்ளையை வெருட்டாதே என்று அம்மா மறித்துவிட்டா. அஜின்கோர்ட்டில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறார், அதற்கு முதல் ஆறு வருடம் டன்ரோஸில் பெற்றோல் ஸ்டேசன் நடத்தியவர். அறுபதில் குறைந்த அந்த இருபத்தைந்து பேரில் ஒன்பது பேர் அவருடைய குடும்பம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கையில் இருந்த போனை வைத்துவிட்டு, கதவடியில் நின்ற ஆளைப் பிறகு வரச் சொன்னார். தொடக்கத்தில் எல்லாரும் கை காட்டுவார்களாம், கோப்பி வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே இன்னும் எத்தனை பேர் வரப்போகிறீர்கள் என்று கேட்பார்களாம். பிறகு காஸ் சிலிண்டர் கூட்டுக்குப் பின்சுவரில் ஒரு எண். 8. இவர் மனைவி றசீனாவை ஸ்காபரோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பிள்ளைப்பேறு பார்த்துத் திரும்பிப் போய் இறங்கினால் சுவரில் 9. 'தம்பி, பிள்ளையைச் சுத்தின துணிய இன்னும் அவிழ்க்கேல்ல, ஒருத்தருக்கும் சொல்லவும் இல்ல' என்றார். பொலிஸுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். 'ஒரு கல்லு எறிஞ்சிருந்தா போயிருப்பன். எண்ணினதுக்கு என்னெண்டு போறது' என்றார். கடைசியில் ஒரு காலை சுவரில் சைபர் இருந்ததாம். ஒன்பது பேரும் உள்ளே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள், வெளியே சைபர். அந்தக் கிழமையே கடையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஏறிவிட்டார்கள்.

அபர்ணா கல்கரியில் வேலை கிடைத்து வியாழன் பின்னேரம் போய்விட்டாள். நீ ஊரில் யாருக்கும் சொல்லவில்லை என்றாய், வீட்டுக்காரிக்கே மாதமுடிவில்தான் சொல்வேன் என்றாய். நேற்று நான் கேட்டேன் என்பதற்காகக் கார் ரயரைப் படம் எடுத்து அனுப்பினாய். இரவு முழுக்க இங்கே கட்டுப்பாட்டு அறையில் வேலை, காலை ஆறு மணிக்குத்தான் திறந்து பார்த்தேன். ரயர் தேய்ந்திருக்கிறது. பின்னால் கம்பத்தில் 1.

அரசாங்கம் ஆளை மறைப்பதற்காக ஐந்தின் மடங்காக மாற்றுகிறது. இவன் மாற்றுவதில்லை. உன் வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சரியாகத் தெரிந்த ஒருவன் அங்கே இருக்கிறான், அந்த எண்ணுக்குப் பிறகு என்ன எண் வரும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உன் படியில் பூசணிக்காய் வைத்துவிட்டுப் போன கிழவர் நல்லவர், உனக்குக் காலுறை பின்னித் தந்த நோயாளி அம்மா நல்லவ. முப்பத்தோராயிரம் பேரில் பெயின்ற் டின் பிடிக்க ஒரு ஆள் போதும். காலையில் உங்கள் பொலிஸுக்கும் அடித்தேன். கதைத்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தா, முறைப்பாடு பதியலாம், ஆனால் ஒரு எண்ணில் பயமுறுத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டா. ஜவ்ஃபர் நானா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அந்த முதியோரை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பாய், தெரியும். அந்தப் பிடிவாதம் என்னுடையது. வா என்று கட்டளை போடவில்லை. ஆனால் தனியாக இருக்காதே, திரைச்சீலையை மூடு, வேலைக்குப் போகும் பாதையை மாற்று, முற்றத்துக் குழாயடிக்குப் போவதென்றாலும் போனைக் கையில் வைத்திரு. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அம்மா தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கச் சொன்னா, நேரில் வந்து வைக்கிறேன்.

உன் அப்பா,
சீமோன்

இன்று நான் செய்யப்போவது:

1. பத்து மணிக்கு மாற்று ஆள் வருவான். உடனே காரில் ஏறுவேன், எங்கும் நிற்கமாட்டேன். ஒரு மணிக்கு அங்கே.
2. கம்பத்தைத் தகட்டு எண்ணோடு படம் எடுப்பேன். அழிக்கமாட்டேன், நீயும் தொடாதே.
3. நீ எழும்பியபிறகு படங்கள் எல்லாவற்றையும் திகதியோடு பொலிஸில் எழுத்தில் கொடுப்பேன். அங்கே சத்தம் போடமாட்டேன், அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன்.
4. நீ வருகிறாய் என்றால் உன் சாமான் என் காருக்குள் அடங்கும். இல்லையென்றால் அபர்ணாவின் அறையில் நான். இரண்டு கிழமை லீவு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன்.
5. நீ எழும்பும்வரை வாசலுக்கு எதிரே காருக்குள் இருப்பேன். போனை நீ திறந்ததும் போன்தான் எடுப்பேன், கதவைத் தட்டமாட்டேன். தட்டுகிறவர் யாராக இருந்தாலும் அது நான் இல்லை.