வெள்ளிக்கிழமைக்குள் நெட்வொர்க் கார்டு

செவ்வாய், 19-10-99

விடியலிலிருந்து மழை. புக்கிட் ரம்பாய் சாலை முழுக்கத் தண்ணீர். ஃபேக்டரி பஸ் லேட்.

லேப்டாப்பில் நெட்வொர்க் கார்டு வேலை செய்யவில்லை. சனிக்கிழமை நன்றாக ஓடியது. லேப்டாப் ஃபேக்டரியிலேயே கிடக்கும், கார்டு மட்டும் என் டூல் பையில் வீட்டுக்கு வந்துபோகும். லேப்டாப் பக்கவாட்டில் சொருகினால் இரண்டு பீப் வரும், கம்பெனி சர்வர் கிடைக்கும். இன்று ஒரே பீப், அதுவும் அடித்தொண்டையில். 'இனம் தெரியாத மெமரி கார்டு' என்கிறது லினக்ஸ். மெமரி கார்டாம்! மேலேயே நெட்வொர்க் என்று அச்சடித்திருக்கிறதே.

வெள்ளி, மேனேஜருக்கு டெமோ. மெஷின்களின் உற்பத்திக் கணக்கை நெட்வொர்க் வழியாக எடுத்துக் காட்டினால் எனக்குக் கம்ப்யூட்டர் செக்‌ஷன். இல்லையென்றால் ஆயுசுக்கும் லைனில் ஷிப்ட். புது லேப்டாப் வேண்டாம், ஸ்டோரில் கிடக்கும் பழசே போதும் என்று மீட்டிங்கில் பீற்றிக்கொண்டதும் நான்தான். வாய் சும்மா இருந்ததா?

புதன்

லினக்ஸின் அடிப்பாகமான கெர்னல் மீது சந்தேகம். ஞாயிறு ஃபேக்டரிக்குப் போய் நானே மாற்றிக் கட்டியது. பழையதைத் திரும்பப் போட்டேன். அதே பீப். செட்டிங் ஒவ்வொன்றாக மாற்றினேன். அதே பீப். கார்டு சரியாக இறங்கவில்லையோ என்று கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினேன். ஏதோ 'கிளிக்' என்றது.

குமார், லைனில் என் பக்கத்து மெஷின்காரன்: "பேசாம விண்டோஸ் போடு லா மச்சான். இந்த லினக்ஸ் பென்குயின வெச்சிக்கிட்டு ஏன் மாரடிக்கிற?"

விண்டோஸ் ஏற அந்தக் கிழத்துக்கு மெமரி போதாது.

வியாழன்

லீவு. லேப்டாப்பை நேற்றிரவே வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் கார்டைப் பார்த்தால், முனையிலிருக்கும் ஊசித் துளைகளில் பாதி அடைத்திருக்கிறது. மஞ்சளாக, காய்ந்து. முகர்ந்தேன். சந்தனம்.

"இதைத் தொட்டியாம்மா?"

"திங்கக்கெழம ஆயுத பூஜ. நீ பைய வெச்சிட்டு ஷிப்டுக்குப் போயிட்ட. ஒம் பைல இருந்த ஸ்க்ரூடிரைவர், ஸ்பானர் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். இதுக்கும் வெச்சேன். இதானே ஒனக்கு ஆபீஸ் வேல வாங்கித் தரப்போவுது?"

யாரைத் திட்டுவது? ஊசியால் சுரண்டினேன், சந்தனம் வந்துவிட்டது. அப்பாடா என்று லேப்டாப்புக்குள் டார்ச் அடித்தேன். கார்டுத் துளைகளில் நுழையவேண்டிய ஊசிகளில் மூன்று மடங்கிக் கிடக்கிறது. அது அம்மா வேலை இல்லை. நேற்று என் கட்டைவிரல் செய்தது. இடுக்கியால் நிமிர்த்தப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்துவிட்டது.

அழுகை வந்தது. வரட்டும்.

வெள்ளி

டெமோ. மேனேஜர் கைகட்டி நின்றார். ஒரே பீப். மறுபடி சொருகினேன். ஒரே பீப்.

"நெவர் மைண்ட் லா. மண்டே, பேக் டு லைன்." தோளில் தட்டினார். திட்டியிருக்கலாம்.

அம்மா வாசலிலேயே நின்றாள். "என்னய்யா ஆச்சு?"

"கெடைக்கலம்மா. மெஷின் பழசு."

கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "தப்பு எம்மேலதான்" என்றாள். சந்தன விஷயம் புரிந்துவிட்டதோ?

"சின்னத மட்டும் பூஜையில வெச்சேன்ல, பெருசு கோவிச்சுக்கிச்சு. அடுத்த வருசம் ரெண்டையும் கொண்டாந்துரு. சந்தனம் நல்லா அப்பி விடுறேன்."

"சரிம்மா" என்றேன்.