சமதரையில் ஓட்டிப் பார்த்த லொறி

அன்புள்ள சுதர்ஷினிக்கு,

நீயும் தர்ஷிகாவும் சுகமா இருக்கணும்னு கும்பிட்டுக்கிட்டு எழுதுறேன். எனக்கு ஒரு குறையும் இல்ல. கை வீக்கம் வத்திருச்சா? டிக்கோயா ஆஸ்பத்திரில திரும்பக் காட்டினியா?

மழையில வழுக்கி விழுந்தேன்னு சொன்ன. நேத்து போன்ல மக அழுதுக்கிட்டே உண்மைய சொல்லிட்டா. "ரிமோட்ட விட்டுட்டேன்பா, லொறி நிக்கல, அம்மா கால்ல இடிச்சு விழுத்திருச்சு"ன்னா.

அவ மேல தப்பில்ல. அனுப்புறதுக்கு முன்னால அந்த வெளையாட்டு லொறிக்குப் பெரிய மோட்டர் போட்டது நான்தான். கைய எடுத்தாலும் கொஞ்ச தூரம் உருளட்டும்னு பிரேக்கையும் கொறைச்சு வச்சேன். இங்க டோஹாவுல ரூமுக்குப் பின்னால ஓட்டிப் பார்த்தப்ப அழகா ஓடுச்சு. இங்க தரையெல்லாம் சமம். நம்ம தோட்டத்து லயத்து வீட்டு வாசல் சரிவுங்கிறது எனக்கு ஞாபகமே வரல, சுதர்ஷினி. இப்ப நீ கொழுந்தெடுக்கப் போக முடியாம உட்கார்ந்திருக்க.

லீவுல ஊருக்கு வர்ற, என்கூட வேல செய்யிற லோகேந்திரன்கிட்ட பழைய மோட்டரக் குடுத்திருக்கேன். இந்த லெட்டரக் குடுத்துட்டு, இன்னொரு நாள் வந்து அவனே மாத்தி, பிரேக்கையும் சரி பண்ணிக் குடுப்பான். அதுவரைக்கும் பெட்டரிய கழட்டி வை. அப்பாதான் பிழையா செஞ்சாருன்னு மககிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா.

வாசல்ல நின்னு, கீழ ரோடு வரைக்கும் தெரியிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நம்ம வாசல ஒருக்கா பார்க்கணும்.

லோகேந்திரன் பையோட நிக்கிறான், முடிக்கிறேன்.

விஜிதரன்